நிழலில் உலர வேண்டிய விதை

உடலைக் கிடத்த இடம் பண்ணுவதற்காகக் கூடத்தை ஒழித்தவர்கள், பட்டாணி விதை பரப்பியிருந்த தட்டை வாசல் வெயிலில் வைத்துவிட்டார்கள். மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தையல்காரர் அதை ஜன்னல் வழியே பார்த்ததும் எழுந்தார்.

"எங்கப்பா?" மகள் கையைப் பிடித்தாள்.

"விதை வெயில்ல கெடக்கும்மா."

"காஞ்சா நல்லதுதானே. இப்பப் போயி..."

காய்ந்தால் விதைக்கு ஒன்றுமில்லை. மேலே பூசிய கறுப்புப் பொடிதான் செத்துப்போகும். பொடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் மனைவி வளர்த்தது அதைத்தான். பட்டாணி வேரில் முடிச்சுப் போட்டுக் குடியிருக்கும். காற்றிலிருந்து செடிக்கு உரம் எடுத்துக் கொடுக்கும், செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். "நம்ம ரெண்டு பேருல யாரு செடி?" என்று கேட்டால், "ஓடியாடுறவ நான். ஒரே எடத்துல உட்கார்ந்திருக்கிறது நீங்கதான்" என்பாள். மெஷினில் உட்கார்ந்தபடியே அவர் சிரிப்பார். என்ன வாய் அவளுக்கு.

காலையில் சர்க்கரைத் தண்ணீரில் பொடியைக் குழைத்து விதையில் புரட்டி, "சாயங்காலம் ஊனிடலாம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள்தான். அவள் கைபட்ட கடைசி வேலை. அதையும் சாகவிட அவருக்கு மனசில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். அவளுடைய அண்ணன் பின்னாலேயே வந்தார்.

"மாப்பிள்ளை, வண்டி வந்துரும். நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"உங்க தங்கச்சி ஊனச் சொன்னது, மச்சான்."

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குச்சியால் குழி கீறினார். இவர் விதையைப் போட்டு மூடிக்கொண்டே போனார். வண்டி வந்து காத்திருந்தது.

செடி பூவிட்ட சமயத்தில் மகள் வந்திருந்தாள். தையல்காரர் ஒன்றைப் பிடுங்கி வேரை அலசினார். முடிச்சுகள் இருந்தன. இருந்தால் போதாது, உள்ளே சிவந்திருந்தால்தான் உயிர் வேலை செய்கிறது. வருஷா வருஷம் மனைவி அவரைத்தான் கிள்ளிப் பார்க்கச் சொல்வாள். "ரோஸ்... இல்ல, வெங்காயத்தோல் கலரு. அந்த நூல்கண்டுகூட என்கிட்ட இருக்கு" என்று இவர் இழுப்பார். "உங்க நூல்கண்டை யாரு கேட்டா? சிவப்பா, இல்லையா?" என்று கடிந்துகொள்வாள். அந்தக் கோபத்தைக் கேட்கவே இழுப்பார்.

ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினார்.

"என்ன கலர்ப்பா?" என்றாள் மகள்.

"சிவப்பு" என்றார்.

பிடுங்கிய செடியைத் திரும்ப அதே குழியில் வைத்து, மண்ணை அணைத்துவிட்டார்.