மாப்பிள்ளை வண்டிக்கு டைமிங்

மகள் இறந்து பதினான்கு மாதம் ஆனபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை வண்டியோடு வந்து நின்றார். பழைய பெட்ரோல் கார். மாமனார் தன் மெக்கானிக் பட்டறையை மூடி ஏழு வருடம் ஆகிறது. கருவிகளை மட்டும் விற்கவில்லை.

"காலையில ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது மாமா. மேட்டுல இழுவையும் இல்ல."

"ஓட்டறவர் எழுந்தாத்தானே அது எழுந்திருக்கும்."

பழக்கத்தில் வந்த கிண்டல். மகள் இருந்தால் சிரித்திருப்பாள். மாமனார் பானட்டைத் தூக்கினார்.

கோளாறு பெரிதில்லை. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் தேய்ந்து இடைவெளி குறைந்துபோயிருந்தது. தீப்பொறி பிந்தி விழுந்துகொண்டிருந்தது. இடைவெளியை அளவுத்தகடு வைத்துச் சரிசெய்தார். புல்லியில் இருந்த கோட்டைத் துடைத்துச் சாக்பீஸால் வெள்ளையாக்கினார். தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டின் கவ்வியை முதல் பிளக் ஒயரில் மாட்டினார்.

"ஸ்டார்ட் பண்ணிட்டு உள்ளேயே உட்காருங்க. நான் சொல்றவரைக்கும் அணைக்காதீங்க."

எஞ்சின் சூடேறியது. லைட் துடித்த துடிப்பில், சுற்றுகிற புல்லி அப்படியே நின்றுவிட்டது போலத் தெரிந்தது. வெள்ளைக் கோடு இரண்டு டிகிரியில் இருந்தது. எட்டில் நிற்க வேண்டும். போல்ட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பினார்.

மாப்பிள்ளை ஜன்னல் வழியே தலையை நீட்டி ஏதோ சொன்னார்.

"என்ன?"

"கல்யாணம்!"

"யாருக்கு?"

"எனக்கு மாமா!"

எஞ்சின் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

மாமனார் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கோடு எட்டுக்கு வந்தது. போல்ட்டை இறுக்கும்போது ஏழுக்கு நழுவியது. மறுபடி தளர்த்தினார், மறுபடி திருப்பினார். மூன்றாம் தடவைதான் நின்றது.

"அணைச்சிடுங்க."

சத்தம் அடங்கியது.

"எப்போ?"

"வர்ற மாசம் பத்தாம் தேதி. ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்க. முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு..."

"வாங்க, மேட்டுல ஏத்திப் பாத்துடலாம்."

மாப்பிள்ளைக்குப் பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்ததும் மாமனாரின் முழங்கால் இடித்தது. மகள் குள்ளம், சீட்டு இன்னும் அவள் இழுத்து வைத்த இடத்திலேயே இருந்தது. மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்தார். மாமனார் அடியில் கைவிட்டு நெம்புகோலைத் தூக்கி, சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

வண்டி மூச்சுவாங்காமல் மேட்டில் ஏறியது. எஞ்சின் தட்டுகிறதா என்று காதுகொடுத்தார். தட்டவில்லை.

"சரியா இருக்கு. பத்திரிகை அடிச்சாச்சா?"

"உங்க முன்னாடி இருக்கற டப்பாவுக்குள்ளதான் இருக்கு. எடுத்துக் கொடுக்கக் கை வரலை மாமா."

மாமனாரே திறந்து எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "என்னவாம் வண்டிக்கு?"

"டைமிங் தள்ளிப் போயிருந்தது. சரி பண்ணியாச்சு." பத்திரிகையை மேஜைமேல் வைத்தார்.

அவள் நின்றபடியே படித்தாள். "பொண்ணு எப்படியாம்?"

"கேக்கலை."

"அதைக்கூடவா கேக்கலை?"

"தோணலை."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "அவரும் எத்தனை நாளைக்குத்தான் தனிமரமா நிப்பார்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள். அவள் தோளைத் தொடப்போனவர், கையெல்லாம் கிரீஸ் என்பதைப் பார்த்துவிட்டு, சோப்பு எடுக்கப் போனார்.

பத்தாம் தேதி இருவரும் போனார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். புதுப்பெண் தானாகவே மேடையிலிருந்து இறங்கி வந்து, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டாள். "ஆச்சும்மா" என்றாள் மனைவி. இன்னும் பந்திக்கே போயிருக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி சொன்னாள்: "பாவம், பயந்து போயிருக்கா."

"யாரு?"

"அந்தப் பொண்ணுதான். நம்மளப் பாத்து."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கிப்போனார்.