நிழலைக் கட்டிப்பிடிக்கும் காட்சி

வேதகிரி முதல் படத்தில் கதாநாயகனான அன்றே அவருடைய நிழலைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள். எல்லாக் கதாநாயகர்களுக்கும் அப்படித்தான். பயம், பொறாமை, அழுகை எல்லாம் நிழலோடு போய்விடும். முகம் தெளிவாக இருக்கும். நிழல் வளசரவாக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்தது. கல்யாணமும் செய்துகொண்டது.

புதுப் படத்தில் கதாநாயகன் உள்ளுக்குள் வளர வேண்டும் என்றார் இயக்குநர் பிரிசில்லா.

"எப்படி வளரணும்?"

"கிளைமாக்ஸ்ல உங்க நிழலைக் கட்டிப்பிடிக்கணும் சார். அப்பத்தான் நீங்க முழு மனுஷன்."

நிழலுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் வந்து இறங்கியது. வேதகிரிக்கு அடையாளமே தெரியவில்லை. தலை நரைத்து, ஒரு தோள் சரிந்திருந்தது. அவருக்கு ஒரு முடிகூட நரைத்ததில்லை.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேண்ணே. அம்மாவுக்குக் கொள்ளி வச்சது நான்தான். நீங்க ஊட்டியில பாட்டு சீன்ல இருந்தீங்க."

"ரொம்ப அழுதியா?"

"ரெண்டு பேருக்கும் சேத்து அழுதேன்."

வேதகிரி நாற்காலியை நகர்த்திப் போட்டார். நாற்காலி கறுத்துவிடும் என்று நிழல் நின்றுகொண்டே இருந்தது.

"கட்டிப்பிடிச்சா உனக்கு என்ன ஆகும்?"

"உங்களுக்குள்ள வந்துடுவேன். அப்புறம் வெளிய வர முடியாதுண்ணே."

"வீட்ல சொன்னியா?"

"ஷூட்டிங்னு மட்டும் சொன்னேன். செண்பகம் சந்தோஷமா அனுப்பிச்சா."

வேதகிரி எழுந்து போய், வளராமலே படத்தை முடித்துவிட முடியாதா என்று பிரிசில்லாவிடம் கேட்டார்.

"முடியாது சார். வெளிச்சம் போகுது."

ஒரே டேக். நிழல் ஈரத்துணி போல நெஞ்சில் ஒட்டியது. பிறகு காணோம். வேதகிரிக்கு முழங்கால் வலித்தது. யார் மீதோ பொறாமையாக இருந்தது. அம்மாவின் முகம் வந்து நின்றது, போகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பிரமாதமா வளந்துட்டீங்க சார்" என்றார் பிரிசில்லா.

மேக்கப்பைக் கலைக்காமல் வேதகிரி வளசரவாக்கம் போனார். கதவைத் திறந்த செண்பகம் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. அவருடைய ஒரு தோள் சரிந்திருந்ததைப் பார்த்தாள்.

"உங்களுக்குள்ளயா இருக்காரு?"

"ஆமாம்மா."

அவள் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"சாப்பிட்டாரா?"

நிழலிடம் யாருமே அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவள் தட்டு வைத்துச் சோறு போட்டாள். கத்திரிக்காய்க் குழம்பு. வேதகிரிக்குக் கத்திரிக்காய் ஆகாது. சாப்பிட்டார்.

"போதுங்கறாரா?"

வேதகிரி கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் கேக்கறாரும்மா" என்று தட்டை நீட்டினார்.