எண்ணெய்த் தீயும் ஒரு டம்ளர் தண்ணீரும்

அந்தத் தொழிற்சாலையில் மூன்று நாள் பயிற்சி முடித்துக் கையெழுத்துப் போடாமல் யாரும் எந்த இயந்திரத்தையும் தொட முடியாது. மீறித் தொட்டவனை வெளியே நிறுத்துவதுதான் நம் பாதுகாப்பு அதிகாரியின் வேலை. தொங்குகிற சட்டைக் கையோடு இயந்திரத்தின் பக்கம் வந்த மேலாளரையே திருப்பி அனுப்பிய கறாரான ஆள். 'எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றாதே' என்று சிவப்பு எழுத்தில் பலகை எழுதி மாட்டியவரும் அவர்தான்.

அத்தனை கறாரையும் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிடுவார்.

அவர் மனைவி தையல்காரி. பேருந்துப் படியில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை, சமையல் யார் செய்வது என்ற பேச்சு வந்தது. பதினெட்டு வயது மகன் சோபாவில் கால் நீட்டிப் படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கம் யாருடைய கண்ணும் போகவில்லை. அப்பா பதின்மூன்று வயது மகளைப் பார்த்தார். அவளுக்கு ஒன்றும் தெரியாதே, நான் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன் என்று எழுந்தாள் மனைவி.

“நீ படு. பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லியா தரணும்? தானா வந்துடும்.”

தானாக வருமாம். இரும்பை அறுக்க மூன்று நாள் படிக்க வேண்டும். கொதிக்கிற எண்ணெய்க்கு மூன்று நிமிடம்கூட வேண்டாமாம். இப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மாத்திரை மயக்கத்தில் மனைவியும் படுத்துவிட்டாள். அதற்காக அவள் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை.

மகள் உருளைக்கிழங்கு பொரிக்க வாணலி நிறைய எண்ணெய் ஊற்றி, அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டாள். அண்ணன் சார்ஜரைத் தேடித் தரச் சொன்னான். கால் மணி நேரம் தேடிக் கொடுத்தாள். அப்பா தண்ணீர் கேட்டார். பத்தடி நடந்து தானே எடுத்துக் குடித்தால் கௌரவம் என்ன ஆவது? கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்தபோது வாணலியில் தீ எரிந்துகொண்டிருந்தது.

அவள் அலறலைக் கேட்டு அப்பா ஓடி வந்தார். கையில் அதே டம்ளர். யோசிக்கவில்லை, தண்ணீரைத் தீயில் வீசினார். தீ கூரை வரை எழும்பி, மகளின் முழங்கையில் இறங்கியது.

எழுந்து வந்த மனைவிதான் இடது கையால் பெரிய மூடியை எடுத்து வாணலியை மூடினாள், அடுப்பை அணைத்தாள். மகன் கொண்டுவந்த பற்பசையைத் தட்டிவிட்டு, மகளின் கையை இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடித்திருந்தாள். கை பிழைத்தது, தழும்பு போகாது என்றார் மருத்துவர். மகள் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார் அப்பா. மனைவி குறுக்கிட்டாள்.

“பலகை எழுதுன ஆளுதாங்க நீங்க. தண்ணிய ஊத்துனதும் நீங்கதான். அங்க நடக்கறது மட்டுந்தான் உங்களுக்கு வேலை. நம்ம அடுப்படி வேலையாவே தெரியல.”



அடுத்த ஞாயிறு அப்பாவும் மகனும் அடுப்பின் முன்னால் நின்றார்கள். அவராகவே வந்து நின்றார். மகனையும் அவர்தான் எழுப்பிக் கூட்டி வந்தார். சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னாள் மனைவி. வாணலியின் கைப்பிடியை உள்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாள். மூடி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றாள்.

“பொறப்புலயே யாருக்கும் சமைக்க வராது. கத்துக்கணும். பசிக்கிற எல்லாரும் கத்துக்கணும், ஆம்பளையும்தான்.”

கூடத்தில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த மகள், அண்ணனிடம் தண்ணீர் கேட்டாள். அவன் அப்படியே திரும்பி டம்ளரை எடுக்கப் போனான்.

“அடுப்ப அணைச்சுட்டுப் போடா” என்றாள் அம்மா. பிறகு கணவரைப் பார்த்தாள். “இந்த ஒரு வார்த்தைய அவளுக்குச் சொல்லத்தான் அன்னிக்கு நான் எந்திரிச்சேன்.”