அவர் கோர்ட்டுக்குப் போனபிறகு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. நூலக ஆண்டு மலருக்கு ‘வக்கீல் சேகரிப்பு’ பற்றி நாலு பக்கம் கேட்டார்கள். சரி என்று தலையாட்டி வைத்தேன். காலமான ஒரு வக்கீலின் வீட்டிலிருந்து நூலகத்துக்கு வந்த பதினொரு பெட்டி நிறையத் துண்டு நோட்டீஸ்கள். நாடகம், பல்பொடி, கண் மருத்துவர், காணாமல்போன நாய். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் தேதியும் கிடைத்த இடமும், சிலவற்றில் ஒரு வரிக் குறிப்பும்.

2

தொடக்கம் ஒன்று: ‘வக்கீல் ஒரு விசித்திரமான மனிதர். கோர்ட் முடிந்ததும் நேராக

[நிறுத்திவிட்டேன். பென்சில் குறிப்பு இடித்தது: “அவர் கோர்ட்டுக்குப் போனபிறகு வாங்கியது.” இன்னொன்று: “அவர் ஊரில் இல்லை. ஆறு நோட்டீஸ்.” வக்கீலே எழுதியிருந்தால் இந்த ‘அவர்’ யார்?]

தொடக்கம் இரண்டு: வக்கீலுக்கு ஓர் எதிரி வக்கீலை உண்டாக்கினேன். அந்த ‘அவர்’ கோர்ட்டுக்குப் போகும் நேரம் பார்த்து நம் ஆள் கடைத்தெருவில் நுழைகிறார். இப்படியே முப்பது பக்கம். மானம் போகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

3

போன் அடித்தது. என் மனைவி எடுத்து, “அவர் வீட்ல இல்லையே” என்றாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சட்டென்று உறைத்தது. அந்தக் குறிப்பு இருந்த நோட்டீஸின் பின்பக்க நகலை அவளிடம் நீட்டினேன். “இதுல அவர்னா யாரு?”

“வேற யாரு, எழுதின அம்மாவோட வீட்டுக்காரர். இதுக்கா முப்பது பக்கம்?” விழுந்து விழுந்து சிரித்தாள்.

4

வக்கீலின் மகளைத் தேடிப்பிடித்தேன். எழுபதைத் தாண்டியவர்.

“எல்லாம் அம்மா சேத்தது. அப்பா அதைக் குப்பைம்பாரு. லைப்ரரில நாலு தடவ போய்ச் சொன்னேன், கேட்டாதானே? இப்ப அந்த ரூமுக்கு அப்பா பேர்ல போர்டு வைக்கறாங்களாம். வயிறு எரியுது.”

எனக்கும் எரிந்தது. மறுநாளே இருவரும் போனோம். பெயிண்டர் பலகையில் ‘சேகரித்தவர்’* வரை எழுதியிருந்தார்.

குறிப்பைக் காட்டினோம். நூலகர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “‘அவர்’னா யாரா வேணா இருக்கலாமே சார். குமாஸ்தாவாகூட.”

“எங்க வீட்ல ‘அவர்’னா ஒரே ஆள்தான்” என்றார் மகள். “உங்க வீட்ல எப்படி?”

நூலகர் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இவங்க சொல்ற பேரையே எழுதுங்க” என்றார் பெயிண்டரிடம்.

(* ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காத சொல். மரியாதை கொடுத்தே ஆளை மறைத்துவிடலாம்.)

5

பெயிண்டர் பெயர் கேட்டார். மகள் சொன்னார். நான் அப்போதுதான் அந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்கிறேன்.

“இனிஷியல்?”

மகள் திகைத்தார். “அவங்க அப்பாவோடதா, எங்க அப்பாவோடதா?” என்னைப் பார்த்தார். “எழுதறவர் நீங்கதானே, சொல்லுங்க.”

மூன்று முடிவும் எழுதிப் பார்த்துவிட்டேன். அந்த அம்மாவுடைய அப்பாவின் எழுத்து. வக்கீலின் எழுத்து. இரண்டும் இல்லாமல் வெறும் பெயர். ஆனால் வெறும் பெயரைப் பார்த்து, யாரோ ஒருத்தி என்று எல்லோரும் தாண்டிப் போய்விட்டால்? பயமாகத்தான் இருக்கிறது.

பெயிண்டர் முன்னால் ஓர் எழுத்துக்கு இடம் விட்டு, பெயரை எழுதி முடித்துவிட்டார். பிரஷ் காய்கிறது என்கிறார். படிக்கிற நீங்களாவது சீக்கிரம் சொல்லுங்கள்.