கையை எடு, அக்கா

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வராதீர்கள். என் மூக்குக் கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்துவிட்டேன். அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவர் காதில் ஒரு பக்கம் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கல்லாவில் இருந்த பெண்ணிடம் எதையோ மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எருமை, கோடாரி, அக்காவின் கட்டைவிரல் என்று வார்த்தைகள் காதில் விழுந்தன. கண்ணாடி இல்லாதபோது எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவரும் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

"இடியாக இறங்கிய கொம்புகளைத் தன் கேடயத்தில் ஏந்தியபடி அந்த மாவீரன்—"

வேண்டாம். மாவீரன் அந்த லென்ஸ்காரர்தான், அவருக்கு இடுப்புப் பிடிப்பு. கம்ப்யூட்டர் முன்னால், நாற்காலியில் இரண்டு தலையணை வைத்துத்தான் விளையாடுகிறார்.

இரண்டாவது தொடக்கம்: "அவனுக்கு ஓர் அக்கா இருந்தாள்." இப்படி எழுதினால் அடுத்த வரிக்குள் நீங்களே அவளைக் கொன்று, மாலை போட்டு, படத்தைச் சுவரில் மாட்டிவிடுவீர்கள். அக்கா நன்றாக இருக்கிறாள். வேறு ஊரில் ஒரு பேக்கரியில் கேக்குக்கு மேல் கிரீம் பூ வைக்கிறாள்.

(கடையில் அவர் "அவர்"தான். கதைக்குள் "அவன்". அக்காவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் எப்பேர்ப்பட்ட நரைத்த ஆளும் "அவன்" ஆகிவிடுகிறான், என்ன செய்ய. இனிமேல் அவன் தம்பி.)

2

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போங்கள். தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், எனக்கும் போன மாதம் வரை தெரியாது.

ஆன்லைனில் நாலு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து பெரிய பெரிய பிராணிகளை வீழ்த்துகிற ஆட்டம். நாலில் ஒருவர் டேங்க். பிராணியின் கோபத்தை முழுசாகத் தன் மேல் இழுத்துக்கொண்டு, அடி அத்தனையும் வாங்குகிற ஆள். அவர் வாங்கினால்தான் மற்றவர்கள் பின்னாலிருந்து நிம்மதியாக அடிக்கலாம். இன்னொருவர் ஹீலர். டேங்க்கின் உயிர் ஒரு பச்சைப் பட்டையாகத் திரையில் தெரியும். அடி விழ விழ அது குறையும், ஹீலர் கட்டைவிரலால் மவுஸின் பக்கப் பொத்தானைத் தட்டித் தட்டி நிரப்புவார். தம்பி டேங்க். அக்கா ஹீலர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அவரவர் வீட்டில் ஹெட்போனும் மைக்கும் மாட்டிக்கொண்டு உட்காருவார்கள்.

[இந்த இடத்தில் ஒரு சிறுவயது நினைவு வைத்தால் ஜோராக இருக்கும் என்று தோன்றியது: அப்பா கையை ஓங்குகிறார், அக்கா குறுக்கே வந்து தம்பிக்கு விழ வேண்டிய அடியைத் தான் வாங்குகிறாள். ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். ஆனால் அவர்களுடைய அப்பா படு சாதுவாம், எறும்புக்குக்கூடத் தள்ளி நின்று வழி விடுவாராம். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.]

தம்பி இத்தனை நாளும் கேடயக்காரனாகத்தான் ஆடினான். பெரிய கேடயத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்க வேண்டியது. பட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அக்கா விடாமல் தட்டிக்கொண்டே இருப்பாள். தட்டிக்கொண்டே பேக்கரி வம்பு பேசுவாள். கல்யாணக் கேக்கில் மாப்பிள்ளை பெயரை மாற்றி எழுதிய கூட வேலை செய்கிற பெண், வீட்டுக்காரரின் குறட்டை, எல்லாம் வரும். கடைசியில் வருகிற பெரிய பிராணியுடன், அதாவது பாஸுடன், மோதத் தொடங்கினால் மட்டும் பேச்சு கூடாது. அது வக்கீல் போட்ட சட்டம்.

3

வக்கீல் உண்மையில் ஏ.சி. ரிப்பேர் செய்கிறவன். எதற்கெடுத்தாலும் வாதம் செய்வதால் அந்தப் பெயர். நாலாவது ஆள் மௌனசாமி. மைக்கை ஆன் செய்ததே கிடையாது. அவர் ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது, ஆட்டம் மட்டும் பிரமாதம்.

வக்கீலை வில்லனாக்கிவிடலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. கதைக்கு வசதி. ஆனால் அவன் பக்கம் நியாயம் இருக்கிறதே! கல் எருமை என்று ஒரு பிராணி. மாதக்கணக்காக அதனிடம் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். தோற்பதற்குக் காரணமும் எல்லாருக்கும் தெரியும். அக்காவின் கை மெதுவாகிவிட்டது. பட்டை காலியாகும் நேரத்தில் அவள் தட்டுவதில்லை, தட்டும்போது பட்டை காலி.

ஒருநாள் ஆட்டம் முடிந்து அக்கா வெளியேறிய பிறகு வக்கீல் தம்பியிடம் பேச்சை எடுத்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அக்காவுக்கு இது ஒத்து வரல. எனக்குத் தெரிஞ்ச ஹீலர் ஒருத்தன் சும்மாதான் இருக்கான்."

"அவங்க என் அக்காடா."

"யாரு இல்லேன்னா? அக்கா வேற, ஹீலர் வேறண்ணே. இந்த மாசக் கடைசி ஞாயிறு வரைக்கும் பார்ப்போம். எருமை விழலேன்னா ஆளை மாத்திடலாம். நீங்க என்ன சொல்றீங்க, மௌனசாமி?"

மௌனசாமி ஒரு கட்டைவிரலை உயர்த்தும் பொம்மையை அனுப்பினார். அது எதற்குச் சம்மதம் என்று தெரியவில்லை.

 அக்காவின் கை ஏன் மெதுவானது என்று தம்பிக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. ஹெட்போனில் கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்று ஒரு சின்னச் சத்தம். நாள் முழுக்கக் கிரீம் பையைப் பிழிந்து பிழிந்து கட்டைவிரலின் அடி நரம்பு வீங்கியிருக்க வேண்டும். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அதனால் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாகக் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டான்.

4

டேங்க்குகளில் இன்னொரு வகை உண்டு. கேடயம் கிடையாது. இரண்டு கையாலும் பிடிக்கிற ரத்தக் கோடாரி. பிராணியை அதனால் வெட்டினால், தான் இழந்த உயிரில் பெரும்பகுதி தனக்கே திரும்பி வரும். எவ்வளவுக்கெவ்வளவு இழக்கிறாயோ அவ்வளவுக்கவ்வளவு அதிகமாகத் திரும்பும். ஆகவே முதலில் நன்றாக அடி வாங்க வேண்டும். பட்டை சிவப்புக்கு வரும்வரை பொறுத்து, அப்போதுதான் வெட்ட வேண்டும். ஒரு மூச்சு தாமதமானால் ஆள் காலி.

இதில் ஹீலருக்கு வேலை குறைவு. வேலை குறைவு என்பதுகூடச் சரியில்லை, கை வைக்கவே கூடாது. பாதியில் நிரப்பிவிட்டால் வெட்டு வீணாகும். வீணானால் அடுத்த பெரிய அடிக்குக் கோடாரி தயாராக இருக்காது.

கணக்கு சரிதான். அக்காவின் விரலுக்கு ஓய்வு, குழுவில் அவள் இடமும் பத்திரம். தம்பி கடையில் லென்ஸ் தேய்க்கும்போதெல்லாம் இதையே மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, தன்னை ஒரு மேதை என்று நினைத்துக்கொண்டான். விஷயத்தை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் அந்த மேதைக்குத் தோன்றவில்லை.

"புது ஸ்டைல் ஒண்ணு ட்ரை பண்றேன்கா. நீ எனக்கு ஹீல் பண்ண வேண்டாம்." அவ்வளவுதான் சொன்னான்.

எருமை முட்டியது. பட்டை ஊஞ்சல் மாதிரி சரேலென்று கீழே போனது. அக்கா அலறியடித்துக்கொண்டு தட்டினாள்.

"அக்கா, கையை எடு!"

"சாகப் போறடா!"

"சாக மாட்டேன், கையை எடு!"

"அக்கா, ப்ளீஸ், கையை எடுங்க!" இது வக்கீல்.

"எப்படிடா எடுக்கிறது? கண்ணு முன்னாடி போயிட்டிருக்கான்!"

செத்தான். மறுபடி எழுந்து, மறுபடி செத்தான். வழக்கமாகத் தட்டுவதைவிட அன்றைக்கு அவள் அதிகம் தட்டியிருப்பாள். "ஸ்ஸ்" சத்தம் ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. கடைசியில் அக்கா தட்டுவதை நிறுத்தினாள்.

"எனக்குப் புரியல. ஹீல் பண்ண வேண்டாம்னா, அப்போ நான் எதுக்கு? சும்மா உட்கார்ந்து நீ சாகறதை வேடிக்கை பார்க்கவா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். பட்டியலில் அவள் பெயர் சாம்பல் நிறமானது. தம்பிக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆனால் வக்கீல் லைனில் இருந்ததால் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

5

இதுவரை எழுதியதை வீட்டில் கொடுத்தேன். வீட்டுக்காரி படித்துவிட்டு, "இதுக்கு எதுக்கு எருமை, கோடாரி எல்லாம்? அக்காவுக்கு ஒரு ஃபோனைப் போட்டுத் தொலைக்கலாமே" என்றாள்.

நியாயமான கேள்வி. தம்பி போட்டான். இதுதான் அந்த உரையாடல்:

"சாப்பிட்டியா?"

"ம். நீ?"

"ஆச்சு. வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"சரி, வெச்சிடட்டா?"

இந்த இரண்டு பேரும் எப்போதும் ஃபோனில் இப்படித்தான் பேசுவார்கள். கையில் ஒரு வேலை, கண்ணுக்கு முன்னால் ஒரு பிராணி இருந்தால்தான் வாய் திறக்கும். பல குடும்பங்களில் இதே கதைதான். என் குடும்பத்தைப் பற்றி இங்கே எழுத உத்தேசமில்லை.

[விட்ட வாக்கியம்: "உறவு என்பது உண்மையில்—" போதும், கட்டுரை வேறு இடத்தில் எழுதிக்கொள்ளலாம்.]

ஆனால் அன்றைக்குத் தம்பி வைக்கவில்லை.

"உன் கட்டைவிரலுக்காகத்தான்கா மாத்தினேன்."

 அந்தப் பக்கம் கிரீம் கலக்கும் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"யார் சொன்னது உனக்கு?"

"நீ தட்டும்போது ஸ்ஸ்னு இழுக்கிற. மைக்ல கேக்குது."

"கேக்குதுல்ல? அதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு?"

"நீ மட்டும் சொன்னியாக்கும்?"

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு, டாக்டர் விரலுக்குக் கட்டுப் போடச் சொல்லியிருப்பதாகவும், போட்டால் மவுஸைத் தட்ட முடியாது, ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்றுதான் போடவில்லை என்றும் சொன்னாள். தம்பி அவளைத் திட்டினான். அவளும் திட்டினாள். நல்ல நீளமான ஃபோன்.

வக்கீல் சொன்ன கெடுவை மட்டும் அவன் சொல்லவில்லை. அது அவளுக்கு வலிக்கும் என்று நினைத்தான். மேதை மறுபடியும் மேதை.

6

மாதக் கடைசி ஞாயிறு. அக்கா விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எவ்வளவு கீழே போகும்?"

"சிவப்பு வரைக்கும் போகும்கா. நீ பார்க்காத."

"என் வேலையே அதைப் பார்க்கிறதுதானடா."

எருமை வந்தது. மூன்று சின்ன முட்டு, ஒரு பெரிய முட்டு. பட்டை விழுந்தது. அக்கா மூச்சைப் பிடித்தாள், கை வைக்கவில்லை. தம்பி வெட்டினான். பட்டை ஏறியது. மறுபடி விழுந்தது, ஏறியது. வக்கீல் "சூப்பர்க்கா, சூப்பர்க்கா" என்று முணுமுணுத்தான். சும்மா இருப்பதற்காக ஒருவரை இவ்வளவு பாராட்டி நான் கேட்டதில்லை.

எருமையின் உயிர் கடைசிக் கால்வாசிக்கு வந்ததும் அதற்கு வெறி பிடித்தது. இடைவெளியே இல்லாமல் முட்டியது. பட்டை நூலாகியது.

"டேய், ஏதாவது பேசு," என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"பேசிக்கிட்டே இரு. உன் சத்தம் கேட்டுட்டே இருந்தா நான் அந்தப் பட்டையைப் பார்க்க மாட்டேன். மவுஸ்ல இருந்து கையை எடுத்துட்டேன்."

"அக்கா, பாஸ் ஃபைட்ல பேசக் கூடாதுன்னு—"

"நீ சும்மா இருடா வக்கீலு."

தம்பியின் வாயில் முதலில் வந்தது இதுதான்:

"சாப்பிட்டியா?"

"டேய்!"

"சரி, சரி... இன்னைக்கு இது விழலேன்னா உன்னை மாத்திட்டு வேற ஹீலர் போடறதா வக்கீல் சொன்னான்."

"அண்ணே, நான் லைன்லதான் இருக்கேன்."

"இருந்துக்கோ. அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும், வாயடைச்சுப் போயிட்டேன். இப்போ சொல்றேன். நீ இல்லாம எனக்கு இந்த ஆட்டம் வேண்டாம்கா. எருமை யாருக்கு வேணும்? வாரம் முழுக்க நான் பேசறது கண்ணுக்கு நம்பர் என்ன, ஃபிரேம் எப்போ வரும், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை நீ பேசினாத்தான் வீட்டுல மனுஷங்க இருக்கிற மாதிரி இருக்கு..."

பெரிய முட்டு இறங்கியது.

7

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவதில் தம்பி சரியான மூச்சில் வெட்டுகிறான், எருமை சரிகிறது. ஆனால் பேசியதால்தான் ஜெயித்தான் என்று நீங்கள் ஒரு நீதியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். இரண்டாவதில் அக்கா தாங்க முடியாமல் கட்டுப் போட்ட விரலோடு தட்டிவிடுகிறாள். அது அழகாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் வீட்டுக்காரி, "பாவம், மறுபடி அந்த விரலா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவதில் எல்லாரும் சாகிறார்கள், மௌனசாமி முதல்முறையாக மைக்கை ஆன் செய்து சிரிக்கிறார். அது நான் கூசாமல் இட்டுக்கட்டியது.

என்ன நடந்தது என்று அந்த லென்ஸ்காரர் என்னிடம் சொன்னார். சொல்ல மாட்டேன். எருமையை விழவைப்பதோ நிற்கவைப்பதோ உங்கள் பாடு. அடுத்த ஞாயிறு அக்காவின் இடத்தில் யார் என்பதையும் நீங்களே வக்கீலிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பெரிய முட்டுக்கும் வெட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு மூச்சை மட்டும் நான் தருவதாக இல்லை, அது எனக்கே. பட்டையில் பச்சை அறவே இல்லை. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருக்கிறாள். தம்பியும் பட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டா. நீ பேசு."