பியானோவுக்கு அடியில் எரிந்த விளக்கு

கடற்கரை ஊரான கைபாரியேனில் கடல் வீட்டுக்குள்தான் குடியிருக்கிறது. கிண்ணத்தில் வைத்த உப்பு மறுநாள் காலையில் கூழாகிவிடும். அலமாரியில் மடித்து வைத்த சட்டை ஒரே வாரத்தில் பூசணம் பிடித்துவிடும். இப்படிப்பட்ட ஊருக்கு ஒன்பதடி நீளக் கச்சேரிப் பியானோ ஒன்றைக் கப்பலில் வரவழைத்த புண்ணியவான்களை என்ன சொல்லித் திட்டுவது? அவர்கள் எல்லாரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பியானோ பால்தொமேரோவின் தலையில் விழுந்தது.

நகர அரங்கில் அவருக்குச் சுருதி சேர்ப்பவர் என்று பெயர். உண்மையில் முப்பத்தொரு வருஷமாக அவர் பார்த்த வேலை ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான். மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், கட்டைகள் அழுத்தினால் எழும்பாது, தந்திகள் துருப்பிடிக்கும், ஒலிப்பலகை பிளந்துகொள்ளும். கூரை ஒழுகுகிறது என்று அரங்கத்தை மூடியபோது பியானோவைப் பின்பக்கத்துச் சாமான் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பால்தொமேரோ தரை வரைக்கும் தொங்கும்படி அதன்மேல் கனத்த கம்பளியைப் போர்த்தினார். வயிற்றுக்கு அடியில் ஒயரில் இரண்டு குண்டு பல்புகளைத் தொங்கவிட்டு, ராப்பகலாக எரியவிட்டார். ஈரத்தை அளக்க ஒரு கருவியும் இருந்தது. அதன் முள்ளே துருப்பிடித்து அறுபத்தைந்தில் நின்றுவிட்டதால் அதை யாரும் சட்டை செய்வதில்லை.

மே மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பக்கத்துப் பெரிய நகரமான சாந்தா கிளாராவின் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றும்போது, கோணிப்போன வாயால் மனைவி சொராய்தாவைக் கூப்பிட்டார்.

"விளக்கு அணையாம பாத்துக்க, கிழவி. துணிய மட்டும் தூக்காத. கடல்காத்து உள்ள பூந்துரும்."

"உன் உசுரே ஊசலாடுது, உனக்குப் பியானோ கேக்குதா?" என்று அழுதுகொண்டே திட்டினாள் சொராய்தா.

திட்டினாளே தவிர, சொன்னதைச் செய்தாள். அரங்கத்தைப் பெருக்கித் துடைப்பவள் அவள்தான், சாவிக்கொத்தும் அவளிடம்தான். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாமான் அறையைத் திறந்து, கம்பளியின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பாள். கசிந்தால் பூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். துணியை அவள் தொட்டதே இல்லை.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் ஊருக்குள் அரசாங்கம் அனுப்பிய பனியன் போட்ட இளவட்டங்கள் வந்தார்கள். வீடு வீடாகக் குண்டு பல்புகளைப் பிடுங்கிக்கொண்டு, கரண்டை மிச்சம் பிடிக்கும் வெள்ளைச் சுருள் பல்புகளை மாட்டிவிட்டுப் போனார்கள். ஒன்றுக்கு ஒன்று, இலவசம். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? வீடுகள் முடிந்து அரங்கத்துக்கும் வந்தார்கள்.

"துணிக்கு அடியில ரெண்டு எரியுதேம்மா, அதையும் மாத்தணும்" என்றாள் அவர்களில் ஒரு பெண்.

"மாத்துங்க, ஆனா துணியச் சட்டுனு கீழ விட்டுருங்க. காத்து பூந்துரும்!"

சொராய்தாவின் கவலையெல்லாம் காற்றைப் பற்றித்தான். அந்தப் பெண் தவழ்ந்து போய் ஒரே நிமிஷத்தில் மாற்றிவிட்டு வந்தாள். மஞ்சளாகக் கசிந்த வெளிச்சம் இப்போது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கிழவன் திரும்பி வந்து பார்த்தால் சந்தோஷப்படுவான் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

நாற்பது நாள் கழித்துப் பால்தொமேரோ வீட்டுக்கு வந்தார், சக்கர நாற்காலியில். இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது அவருக்கும் தெரியும்.

"பிப்ரவரில அரங்கத்தத் தொறக்கறாங்களாம். என்னைத் தூக்கிட்டுப் போயி முன்வரிசையில போட்டுரு. அத வாசிக்கறத ஒரு தடவ கேட்டுட்டேன்னா, அப்புறம் எங்க வேணாலும் கெளம்பறேன்."

"ஒன்னும் நீ கெளம்ப வேணாம். ரேஷன்ல காப்பித்தூள் கொறஞ்சு போயிரும்."

அவர் சிரித்தார், பாதி வாயால். அதற்குப் பிறகு அவருடைய நாள் முழுவதும் அந்த ஐந்து மணிக்காகவே நகர்ந்தது. அவள் சாவியைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நுழைந்ததுமே கேட்பார்.

"விளக்கு எரியுதா, கிழவி?"

"எரியுது, கிழவா."

மழைக்காலம் முழுக்க இதே பேச்சுதான். செப்டம்பரில் புயல் அடித்த அன்று முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றும் எரிந்தது.

ஜனவரியில் வடக்கிலிருந்து குளிர் இறங்கியது. ஒரு நாள் காலை சொராய்தா காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஃபெர்மினா வந்தாள். ஏப்ரனை ஏந்திப் பிடித்திருந்தாள். உள்ளே செத்துப்போன கோழிக்குஞ்சுகள்.

"ஏழும் போச்சுடி, சொராய்தா! பெட்டிக்கு மேல பல்பு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துது. வெளிச்சமாம் வெளிச்சம்! அந்தச் சனியன்ல சூடே இல்ல. நிலா வெளிச்சத்துல குளிர் காயச் சொன்ன கதையா இருக்கு. பழசுல கைய வெச்சா கொப்புளம் வருமே..."

அவள் இன்னும் என்னென்னவோ சொன்னாள். சொராய்தாவுக்குக் கேட்கவில்லை. காப்பி வழிந்து அடுப்பில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அரங்கத்துக்கு ஓடினாள், ஐந்து மணி வரை காத்திருக்கவில்லை. அதுவரை தொடாத கம்பளியைத் தூக்கினாள். பூசண நாற்றம் முகத்தில் அறைந்தது. சுருள் பல்பு இரண்டும் கடமை தவறாமல் எரிந்துகொண்டிருந்தன. கை வைத்தாள். காய்ச்சல்காரனின் நெற்றிகூட அதைவிடச் சுடும். மேல்மூடியைத் திறந்தாள். தந்திகள் செம்மண் நிறத்தில் இருந்தன. தந்தியைத் தட்டும் கம்பளிச் சுத்தியல்களின்மேல் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. ஒலிப்பலகையில் ஒரு முழத்துக்கு வெடிப்பு. கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். போனவை போனபடி கீழேயே நின்றன. ஏழெட்டு மாதம் அவள் தினமும் வந்து பார்த்தது இதைத்தான். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தன் கையாலேயே அவர் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோம் என்று தோன்றியது.

ஃபெர்மினா அதிகாரிகளுக்குப் பயந்து அவரைவிதை டப்பாவில் ஒரே ஒரு குண்டு பல்பை ஒளித்து வைத்திருந்தாள். அந்தப் பயத்தில்தான் குஞ்சுகளுக்குக்கூட அதைப் போடவில்லை. "எடுத்துட்டுப் போடி, இனிமே எனக்கெதுக்கு" என்று கொடுத்துவிட்டாள். சொராய்தா அதைக் கொண்டுபோய், சுருள் பல்பு இரண்டையும் கழற்றிவிட்டு மாட்டினாள். காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தும் மாட்டினாள்.

அன்று சாயங்காலம் அவர் கேட்டார்.

"விளக்கு எரியுதா, கிழவி?"

"எரியுது, கிழவா."

அரங்க மேலாளர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். சாந்தா கிளாராவிலிருந்து வேறொரு பியானோவை இரவல் வாங்க ஏற்பாடு செய்தார். "பெரியவர்கிட்ட யார் சொல்றது?" என்றார். சொராய்தா தானே சொல்வதாகச் சொன்னாள். மூன்று வாரம் ஓடியது. ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு நாக்கு வரை வந்ததை விழுங்கிவிட்டு, எரியுது என்றாள்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு பால்தொமேரோ பிடிவாதம் பிடித்தார்.

"கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி நான் அதைப் பாக்கணும். கூட்டிட்டுப் போ."

"ரெண்டு நாளு பொறுக்க மாட்டியா, கெழட்டுப் பிடிவாதமே?"

"எனக்கு ரெண்டு நாளுக்கு யாரு ஜாமீன் குடுப்பா?"

சாமான் அறைக் கதவைத் திறந்ததும் அவர் மூக்கு விடைத்தது. கம்பளியை விலக்கச் சொல்லி, நாற்காலியிலிருந்து சாய்ந்து அடியில் பார்த்தார். இடது கையைப் பல்பின் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து, நடுவில் ஒரு கட்டையை அழுத்தினார். உள்ளே போனது மேலே வரவில்லை. நகத்தால் நெம்பி எடுத்துவிட்டார், குழந்தையின் தொண்டையில் சிக்கிய முள்ளை எடுப்பது போல.

"இந்தப் பல்பு எப்ப போட்டது?"

அவள் விலக்கிய கம்பளியை மடிக்கத் தொடங்கினாள்.

"மாசக்கணக்கா எரிஞ்சிருந்தா தூசி வெந்து கண்ணாடி கருத்திருக்கணும். இது புத்தம் புதுசா இருக்கே, கிழவி."

சொராய்தா அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். பனியன் போட்ட பிள்ளைகள், வெள்ளை வெளிச்சம், ஃபெர்மினாவின் குஞ்சுகள், மூன்று வாரப் பொய்.

"என்னைத் திட்டு. நாலு வார்த்த திட்டிரு, கிழவா. அடிக்கணும்னாலும் அடி."

அவர் அந்தக் கட்டையில் படிந்திருந்த பூசணத்தை இடது கைவிரலால் துடைத்தார்.

"புயலன்னிக்கும் வந்தியா?"

"வந்தேன்."

"நான் விளக்கு எரியுதான்னுதானே கேட்டேன். சூடா இருக்கான்னு ஒரு நாளாவது கேட்டனா?" அவர் கட்டையிலிருந்து கையை எடுத்தார். "முப்பத்தொரு வருசத்துல, எதுக்கு எரியுதுன்னு உனக்கு ஒரு வார்த்த சொல்லல பாரு."

திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும்.

திறப்பு விழாவுக்கு அவர் போகவில்லை. சாமான் அறையைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே சாயங்காலம் ஐந்து மணிக்கு, பழக்கதோஷத்தில் சொராய்தா சாவிக்கொத்தை எடுத்தாள்.

"வேணாம்" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டே. "இனிமே நீ நடக்க வேணாம். கால் வலிக்கும்."

மார்ச் கடைசி வரை இருந்தார். ஐந்து மணி ஆனால் சொராய்தா அவர் கட்டிலருகே வந்து உட்கார்ந்துகொள்வாள். காப்பி இருக்கிறதா என்று கேட்டார். ஃபெர்மினா புதிதாகக் குஞ்சு வாங்கினாளா என்று கேட்டார். அந்த ஒன்றை மட்டும் அவர் அதன்பிறகு கேட்கவே இல்லை.