நீளவாக்கில் துரு

படகுத்துறையில் எனக்கு வைத்த பட்டப்பெயர் உப்புத்தாள். படகுக் கம்பிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற என் தொழிலுக்காக வைத்ததல்ல, வாய்க்காக வைத்தது. யாராவது எவர்சில்வரைக் குறுக்கே தேய்த்தால் போதும், என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

ஒருமுறை வேலைக்கு வந்த ஒரு வெள்ளைப் படகின் முன்பக்கக் கைப்பிடிக் கம்பி முழுக்க நங்கூரச் சங்கிலி உரசிய கீறல்கள். மெஷின் நுழையாத சந்து, கையால்தான் போக்க வேண்டும். நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கம்பியின் நீளவாக்கிலேயே, ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். பிறகு பாலிஷ், பருத்தித் துணி. ஒரு முழத்துக்கு அரை நாள் ஆகும். நான்காம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டில் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது மீதி எட்டு முழத்தையும் தேய்த்தேன். மத்தியானத்துக்குள் பளபளவென்று முடிந்தது. மேஸ்திரி பாராட்டினார். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினேன்.

எவர்சில்வரில் இரும்பு நார் படக்கூடாது, கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் கத்துகிறவளே நான்தான்.

தேய்த்த பத்தாம் நாள் துருப்பிடித்தது.

மேஸ்திரி என் நாத்தனாரைக் கூப்பிட்டார். படகைக் கழுவுகிற அந்த வேலையை அவளுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். புருஷன் விட்டுப்போன பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை.

"ப்ளீச்சிங் தண்ணி ஊத்திக் கழுவினியா?"

"ஆமாங்க. ஆனா நல்லா அலசினேனே."

"அலசின லட்சணம்தான் துருவுல தெரியுதே. நாளையிலேருந்து வராதே."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஊரைக் கூட்டுகிற என் வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. மேஸ்திரி என் பக்கம் திரும்பி, "பாவம், உன் உழைப்பெல்லாம் வீணாப்போச்சு. மறுபடி தேய்" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை நான் தாளை நனைத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு வந்தே? மேஸ்திரி பாத்தா கத்துவாரு."

"கேட்டுட்டுத்தான் வந்தேன். சும்மா உதவிக்குத்தானே அண்ணி. நீங்க ஒருத்தியா எத்தனை நாள் தேய்ப்பீங்க?"

இரண்டு நாள் தேய்த்தாள். விரல் நுனிகள் சிவந்துபோய், பழைய துணியைச் சுற்றிக்கொண்டு தேய்த்தாள். அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. மத்தியானம் தன் டப்பாவில் இருந்ததில் பாதியை எனக்கு வைத்தாள். நான் அதைத் தொடாமல் மூடிவைத்தேன்.

"உடம்பு சரியில்லையா அண்ணி?"

"வாயை மூடிட்டுத் தேய்" என்று எரிந்து விழுந்தேன். தப்புச் செய்தவளும் நான், கோபப்படுகிறவளும் நான்.

மூன்றாம் நாள் இரண்டு முழம்தான் பாக்கி. அதுவும் முடிந்தால் துரு இருந்த சுவடே தெரியாது. அவள் வேலையில்லாமல் வீட்டுக்குப் போவாள், நான் நல்ல பெயரோடு இருப்பேன். தாளை வாளியில் போட்டேன்.

"ப்ளீச்சிங் இல்லடி. நான்தான். இரும்பு நார் போட்டுத் தேய்ச்சேன்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் அண்ணி."

"எப்போலேருந்து?"

"முதல் நாள்லேருந்தே. கழுவின தண்ணியால வந்திருந்தா கறை மேலேருந்து கீழ வழிஞ்சிருக்கும். இது நீளவாக்குல, கோடு கோடா, நீங்க தேய்ச்ச மாதிரியே இருந்துச்சு."

"அப்போ ஏன்டி அவர்கிட்ட சொல்லல?"

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்." இப்போதுதான் கையை எடுத்தாள். பாக்கி இருந்த துருவைப் பார்த்தாள். "சீக்கிரம் முடிஞ்சிடக் கூடாதுன்னு நேத்துலேருந்து மெதுவாத்தான் தேய்க்கிறேன்."

அவள் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டு முழத்தை இனிமேல் தொடாதே என்று சொல்லிவிட்டு, மேஸ்திரியைக் கூட்டிவர எழுந்தேன்.